சர்வர் மெதுவாக இருக்கிறதா? விஎம்ஸ்டாட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது, அறிகுறி வாரியாக

லினக்ஸ் சர்வர் மெதுவாகிவிட்டது என்று யாராவது சொன்னதும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: டாப் கமாண்டை ஓடவிட்டு, பட்டியலில் மேலே நிற்கும் ப்ராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பார்த்து, சிபியுவைத் தின்பது இதுதான் என்று முடிவுகட்டி நிறுத்திவிடுவது. சில நேரம் அது பலித்துவிடும். ஆனால் பிரச்சினை வேறெங்கோ இருக்க, ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த ப்ராசஸ் பலியாவதுதான் அடிக்கடி நடக்கிறது. சிபியு 95 சதவீதம் ஓடுவதில் தப்பே கிடையாது, வேலை செய்யத்தானே அதை வாங்கினோம், வரிசையில் யாரும் காத்துக் கிடக்காத வரைக்கும் அது நல்ல செய்திதான். அதனால் நான் எப்போதும் பயன்பாட்டு சதவீதத்தை அப்புறம் வைத்துக்கொண்டு, யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை முதலில் தேடுவேன். கீழே உள்ள அறிகுறிகளையும் அந்தக் கண்ணோடுதான் பிரித்திருக்கிறேன்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம்

விஎம்ஸ்டாட் என்பது சிபியு, மெமரி, டிஸ்க் நிலையை எண்களாகக் காட்டும் கமாண்டு, பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் ஏற்கெனவே இருக்கும். ஐஓஸ்டாட், எம்பிஸ்டாட், பிட்ஸ்டாட், சார் ஆகிய நான்கும் சிஸ்ஸ்டாட் என்ற ஒரே தொகுப்பில் வருகின்றன, இதைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். சர்வர் நன்றாக இருக்கும்போதே நிறுவிவிடுங்கள், மெமரி தீர்ந்து மூச்சுத் திணறும் இயந்திரத்தில் தொகுப்பு நிறுவ முயல்வது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

டெர்மினலில் விஎம்ஸ்டாட் 1 என்று அடித்தால் நொடிக்கு ஒரு வரி வரும். முதல் வரியைப் படிக்காதீர்கள். சிபியு, டிஸ்க் எண்களைப் பொறுத்தவரை அது சர்வர் பூட் ஆனதிலிருந்து இன்றுவரையான சராசரி, இப்போது என்ன நடக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின்னால் எண் போடாமல் வெறும் விஎம்ஸ்டாட் என்று அடித்தால் அந்த ஒரு வரி மட்டும்தான் கிடைக்கும், அதைப் படம் பிடித்து அனுப்பி "எல்லாம் நார்மல்தானே" என்று கேட்பவர்கள் ஏராளம். ஐஓஸ்டாட்டிலும் முதல் அறிக்கை இதே கதைதான்.

லோடு ஆவரேஜ் ஏறிக் கிடக்கிறது, ஆனால் சிபியு சும்மா இருக்கிறது

அதிகமாகக் குழப்புவது இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம். நான்கு கோர் உள்ள ஒரு சர்வரில் லோடு ஆவரேஜ், அதாவது ஓடவோ காத்திருக்கவோ செய்யும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கை, 15 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விஎம்ஸ்டாட் வரியில் நமக்குத் தேவையானதை மட்டும் எடுத்தால் இப்படி இருக்கலாம்:

ஆர் 1, பி 14, எஸ்ஐ 0, எஸ்ஓ 0, யூஎஸ் 4, எஸ்ஒய் 3, ஐடி 11, டபிள்யூஏ 82, எஸ்டி 0

யூஎஸ் முதல் எஸ்டி வரை உள்ளவை சிபியு நேரத்தின் சதவீதங்கள், ஐடி என்பது சும்மா இருந்த நேரம், மற்றவை கீழே வரும். ஆர் என்பது சிபியுவில் ஓடுகிறவர்களும் சிபியுவுக்காக நிற்பவர்களும் சேர்ந்த எண்ணிக்கை. இங்கே ஒன்றுதான், நான்கு கோருக்கு ஒரே ஒரு ஆள், ஆக சிபியுவுக்குத் தட்டுப்பாடே இல்லை. பி என்பது ஐஓ, அதாவது டிஸ்க்கில் படிப்பது எழுதுவது போன்றவை, முடியட்டும் என்று காத்திருக்கும் ப்ராசஸ்களின் எண்ணிக்கை, அதில் 14 பேர். லினக்ஸ் லோடு ஆவரேஜ் கணக்கில் சிபியு கேட்பவர்களோடு, இடையில் எழுப்ப முடியாத தூக்கத்தில், அதாவது டி நிலையில், இருப்பவர்களும் சேருவார்கள். 1993 முதலே லினக்ஸில் இப்படித்தான். எனவே லோடு 15 என்பதைப் பார்த்ததும் கோர்களைக் கூட்டச் சொல்வது இங்கே வீண் செலவு, எட்டு கோர் ஆக்கினாலும் அந்த 14 பேரும் அங்கேயேதான் நிற்பார்கள்.

டபிள்யூஏ 82 என்று இருப்பதால் இந்த உதாரணத்தில் டிஸ்க்தான் என்று உடனே தெரிந்துவிட்டது. எப்போதும் அப்படித் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். டபிள்யூஏ உண்மையில் சிபியு சும்மா இருந்த நேரத்தின் ஒரு வகை, ஐஓ பாக்கி இருக்கும்போது சும்மா இருந்தால் அந்த நேரம் டபிள்யூஏ கணக்கில் விழும், அவ்வளவுதான். அதே நேரத்தில் கணக்குப் போடும் வேலை எதையாவது இன்னொருவர் ஓடவிட்டால், சிபியு அதைச் செய்யப் போய்விடும், டபிள்யூஏ மளமளவென்று இறங்கிவிடும், டிஸ்க் மட்டும் முன்பு போலவே திணறிக்கொண்டிருக்கும். அதனால் டபிள்யூஏவை விட பி எண்ணைத்தான் நான் நம்புவேன்.

அடுத்து ஐஓஸ்டாட் -எக்ஸ் 1. இதில் பலரும் ஓடிப்போய்ப் பார்ப்பது கடைசியில் இருக்கும் யூட்டில் சதவீதத்தை. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் பழைய சுழலும் டிஸ்க்குக்கு அது ஓரளவு பொருந்தும், ஆனால் ஒரே சமயத்தில் பல கோரிக்கைகளைக் கவனிக்கும் எஸ்எஸ்டிக்கும் என்விஎம்இக்கும் 100 சதவீதம் என்றால் "அந்த நொடி முழுக்க குறைந்தது ஒரு கோரிக்கையாவது உள்ளே இருந்தது" என்பதைத் தவிர வேறு அர்த்தமில்லை. பார்க்க வேண்டியவை ஆர்_அவெய்ட், டபிள்யூ_அவெய்ட், அப்புறம் ஏக்யூ-எஸ்இசட். முதல் இரண்டும் ஒரு வாசிப்பும் ஒரு எழுத்தும் சராசரியாக எத்தனை மில்லிசெகண்ட் எடுத்தன என்று சொல்லும், வரிசையில் நின்ற நேரமும் இதில் அடக்கம். மூன்றாவது வரிசையின் நீளம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்று முடிக்கவே சுமார் 8.3 மில்லிசெகண்ட் ஆகும் என்பதால் அதில் 10 மில்லிசெகண்ட் என்பது சாதாரணம். அதே 10 மில்லிசெகண்ட் ஒரு என்விஎம்இயில் வந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

எந்த ப்ராசஸ் என்று கண்டுபிடிக்க பிட்ஸ்டாட் -டி 1. யார் எவ்வளவு எழுதுகிறார்கள் என்பது வந்துவிடும், ஆனால் எனக்குப் பிடித்தது ஐஓடிலே என்ற எண், அதுதான் யார் எவ்வளவு நேரம் டிஸ்க்குக்காக முடங்கிக் கிடந்தார்கள் என்று சொல்கிறது. அது எல்லோருக்கும் பூஜ்யமாகவே வந்தால் குழம்ப வேண்டாம்: லினக்ஸின் மையமான கர்னலின் 5.14 பதிப்பு முதல் இந்தக் கணக்கு இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் வழியாக கர்னல்.டாஸ்க்_டிலேஆக்ட் என்பதை 1 ஆக்கினால் அதன் பிறகு தொடங்கும் ப்ராசஸ்களுக்கு எண் வரத் தொடங்கும்.

இன்னொரு வகை உண்டு. லோடு ஏறியிருக்கும், ஆர் குறைவு, பி-யும் குறைவு, ஐஓஸ்டாட்டில் உள்ளூர் டிஸ்க் எல்லாம் அமைதி. அப்போது பிஎஸ் கமாண்டில் ஸ்டேட், பிஐடி, டபிள்யூசான், கமாண்ட் நான்கையும் கேட்டு, ஸ்டேட் டி என்று இருக்கும் வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். டபிள்யூசான் என்பது அந்த ப்ராசஸ் கர்னலுக்குள் எந்த இடத்தில் தூங்குகிறது என்பதைக் காட்டும். அங்கே என்எஃப்எஸ் அல்லது ஆர்பிசி என்று தொடங்கும் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தால், தொலைவில் இருக்கும் கோப்பு சர்வர் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். இந்த நிலையில் டிஎஃப் கமாண்டும் தொங்கிவிடும், -எல் சேர்த்து உள்ளூர் டிஸ்க்குகளை மட்டும் கேளுங்கள். டி நிலையில் இருப்பவர்கள் மேல் கில் -9 போட்டுப் போட்டுப் பார்ப்பதை விட, மறுமுனையில் இருக்கும் சர்வரைச் சரிசெய்வதுதான் வேலைக்கு ஆகும்.

சிபியு நிஜமாகவே நிரம்பிவிட்டது

ஆர் எண் கோர்களின் எண்ணிக்கையைத் தாண்டித் தொடர்ந்து நிற்கிறது, ஐடி பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறது என்றால் சிபியுவுக்கு வரிசை உண்டாகிவிட்டது. இப்போது அந்த நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். யூஎஸ் அதிகம் என்றால் அப்ளிகேஷன் தன் சொந்தக் கணக்கைப் போடுகிறது, டாப்பில் மேலே நிற்பவர்தான் ஆள், இந்த ஒரு சந்தர்ப்பத்தில் டாப் சொல்வது அப்படியே சரி. எஸ்ஒய் அதிகம் என்றால் கர்னலுக்குள் நேரம் போகிறது: சின்னச் சின்னதாக ஆயிரக்கணக்கில் படிப்பது எழுதுவது, ப்ராசஸ்களைத் தொடங்கித் தொடங்கி முடிப்பது, ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் நூல்கள் (த்ரெட்கள்) பூட்டுக்காக (லாக்) அடித்துக்கொள்வது இப்படி ஏதாவது. சார் -டபிள்யூ 1 நொடிக்கு எத்தனை புதிய ப்ராசஸ் பிறக்கிறது என்று சொல்லும். அந்த எண் நூற்றுக்கணக்கில் இருந்து டாப்பில் யாரும் பெரிதாகத் தெரியவில்லை என்றால், டாப் கண்ணில் படுவதற்குள் பிறந்து மடிந்துவிடும் குட்டி ப்ராசஸ்கள்தான் காரணம், ஏதோ ஒரு ஷெல் ஸ்க்ரிப்ட் லூப்புக்குள் மற்ற கமாண்டுகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

பிட்ஸ்டாட் -டபிள்யூ 1 இங்கே ரொம்ப உதவும். ஒரு ப்ராசஸ் தானாக சிபியுவை விட்டுக்கொடுத்தது எத்தனை முறை, பிடுங்கப்பட்டது எத்தனை முறை என்று இரண்டு எண்கள் தரும். பிடுங்கப்பட்டது அதிகமாக இருந்தால் சிபியுவுக்குப் போட்டி. தானாக விட்டது அதிகமாக இருந்தால் அது வேறு எதற்கோ காத்திருக்கிறது, பூட்டோ ஐஓவோ நெட்வொர்க்கோ.

எஸ்டி ஏறியிருந்தால் உள்ளே உட்கார்ந்து நீங்கள் என்ன ட்யூன் செய்தாலும் பயனில்லை. உங்கள் விர்ச்சுவல் மெஷின் ஓடத் தயாராக இருந்தும், பல மெஷின்களுக்கு வன்பொருளைப் பங்கிடும் ஹைப்பர்வைசர் சிபியு தரவில்லை என்பதுதான் அதன் பொருள். ஒன்று பக்கத்து மெஷின்கள் தின்கின்றன, இல்லையென்றால் சில கிளவுட் திட்டங்களில் உங்களுக்கு ஒதுக்கிய சிபியு கிரெடிட் தீர்ந்துவிட்டது.

ஐடி 80க்கு மேல் இருக்கிறது, ஆனாலும் ஒரு வேலை மட்டும் நகரவே மாட்டேன் என்கிறது

விஎம்ஸ்டாட் எல்லா கோர்களையும் கலந்து சராசரி தருகிறது. எட்டு கோரில் ஒன்று முழுக்க நிரம்பினாலும் மொத்தத்தில் அது 12.5 சதவீதம்தான். எம்பிஸ்டாட் -பி ஆல் 1 என்று, பி பெரிய எழுத்தில், அடித்தால் கோர் வாரியாகப் பிரித்துக் காட்டும். ஒரே ஒரு கோர் மட்டும் 100இல் நின்றால் ஒற்றை நூலில் ஓடும் வேலை அதில் மாட்டியிருக்கிறது, டாப்பில் பெரிய எழுத்து எச் அழுத்தினால் எந்த நூல் என்பதும் தெரிந்துவிடும். அந்த ஒரு கோரின் நேரம் சாஃப்ட் என்ற எண்ணில் போயிருந்தால், நெட்வொர்க் கார்டின் வேலையெல்லாம் ஒரே கோர் தலையில் விழுகிறதா என்று பார்க்கவும்.

ஃப்ரீ மெமரி தீர்ந்துவிட்டதே!

பெரும்பாலும் தீரவில்லை. லினக்ஸ் காலியாகக் கிடக்கும் மெமரியை எடுத்துக் கோப்புகளின் கேஷாக வைத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்கும். ஃப்ரீ -எம் அடித்து, கடைசியில் இருக்கும் அவெய்லபிள் எண்ணைப் பாருங்கள், அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு கர்னல் 3.14இல் வந்தது, புதிதாக ஒரு அப்ளிகேஷன் தொடங்கினால் ஸ்வாப் பக்கம், அதாவது மெமரிக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்துக்கு, போகாமல் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு அது. கேஷைக் காலி செய்யும் கமாண்டை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில் போட்டு மணிக்கொரு முறை ஓட்டச் சொல்லும் அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், காலி செய்த அத்தனையையும் திரும்ப டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டும், நல்லா ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸை நீங்களே மெதுவாக்குகிறீர்கள்.

விஎம்ஸ்டாட்டில் ஸ்வாப்பில் இருக்கும் அளவைக் காட்டும் எஸ்டபிள்யூபிடி எண் பூஜ்யமாக இல்லை என்பதும் கவலைப்பட வேண்டியதில்லை. எப்போதோ வெளியே தள்ளிய, யாரும் தேடாத மெமரிப் பக்கங்கள் அங்கே சும்மா கிடக்கலாம்.

எல்லாமே உறைந்து உறைந்து நகர்கிறது, எஸ்எஸ்எச் உள்ளே வரவே நேரமாகிறது

இப்போதுதான் மெமரியைச் சந்தேகிக்க வேண்டும். எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து மெமரிக்கு வருவது), எஸ்ஓ (மெமரியிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது) இரண்டும் வரிக்கு வரி பூஜ்யம் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்வாப்பில் அடிபட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டில் எஸ்ஐதான் வலி, ஏனென்றால் வெளியே போனதை யாரோ இப்போது கேட்கிறார்கள், அது வரும்வரை அந்த ப்ராசஸ் நின்றுவிடுகிறது.

ஸ்வாப்பே வைக்காத சர்வரில் இந்த நிலை இன்னும் ஏமாற்றும். எஸ்ஐயும் எஸ்ஓவும் பூஜ்யமாகவே இருக்கும், ஆனால் பிஐ, அதாவது டிஸ்க்கிலிருந்து படிப்பது, காரணமே இல்லாமல் ஏறிக் கிடக்கும். மெமரி போதாத கர்னல், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் கோப்புப் பக்கங்களையே தூக்கி எறிந்துவிட்டு மறுபடி மறுபடி டிஸ்க்கிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறது. டிஸ்க் மெதுவு என்று நினைத்து அந்தப் பக்கம் போய்விடுவீர்கள். பிட்ஸ்டாட் -ஆர் 1 போட்டு டிஸ்க்கிலிருந்து பக்கத்தைக் கொண்டுவர நேர்ந்த முறைகளைச் சொல்லும் மேஜ்ஃப்ளட் எண்ணைப் பாருங்கள், பல ப்ராசஸ்களுக்கு ஒரே நேரத்தில் அது உயர்ந்தால் மூலக் காரணம் மெமரி.

கர்னல் 4.20 அல்லது அதற்குப் புதியது இருந்தால் இதைவிட நேரான வழி இருக்கிறது. /ப்ராக்/ப்ரஷர் என்ற அடைவில் சிபியு, மெமரி, ஐஓ என்று மூன்று கோப்புகள், கேட் போட்டுப் படித்தால் போதும், எதையும் நிறுவ வேண்டாம். சம் என்று தொடங்கும் வரியில் ஏவிஜி10 என்பது 20.00 என்றால், கடந்த 10 நொடிகளில் 20 சதவீத நேரம் குறைந்தது ஒரு வேலையாவது அந்த வளத்துக்காகத் தடைபட்டு நின்றது. ஃபுல் வரி என்பது வேலை இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நின்றது. மெமரி கோப்பில் ஃபுல் வரி பூஜ்யத்தை விட்டு எழுந்துவிட்டால் நான் வேறு எதையும் பார்க்க மாட்டேன், நேரே மெமரிதான். காத்திருப்பை மட்டுமே அளக்கும் எண் இது என்பதால், முதலில் பார்க்க ஒரே ஒரு இடம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். சில டிஸ்ட்ரிபியூஷன்களில் இது அணைத்து வைக்கப்பட்டிருக்கும், பூட் வரியில் பிஎஸ்ஐ=1 சேர்க்க வேண்டும்.

ப்ராசஸ் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால் டிமெசேஜ் அல்லது ஜர்னல்சிடிஎல் -கே போட்டு, "அவுட் ஆஃப் மெமரி" என்று தேடுங்கள். மெமரியைத் தின்றவர் ஒருவர், செத்தவர் இன்னொருவர் என்று இருக்கலாம், அங்கே அச்சாகும் முழுப் பட்டியலையும் படியுங்கள்.

கன்டெய்னருக்குள் மட்டும் மெதுவு, ஹோஸ்ட் சும்மா இருக்கிறது

எட்டு கோர் ஹோஸ்ட் (அதாவது முழு சர்வர்), அதில் அப்ளிகேஷனைத் தனியே அடைத்து ஓட்டும் கன்டெய்னருக்கு இரண்டு சிபியு வரம்பு என்று வைத்துக்கொள்வோம். கர்னல் அந்த வரம்பை வழக்கமாக 100 மில்லிசெகண்ட் துண்டுகளாகக் கணக்கிடுகிறது, ஆக ஒரு துண்டுக்கு 200 மில்லிசெகண்ட் சிபியு நேரம். அப்ளிகேஷன் எட்டு நூல்களை ஒன்றாக ஓடவிட்டால் 25 மில்லிசெகண்டிலேயே 200ஐயும் தீர்த்துவிடும், மீதி 75 மில்லிசெகண்டும் எட்டு நூல்களும் கட்டிப்போட்டது போல நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் சிபியு 25 சதவீதம், யாருக்கும் சந்தேகம் வராது. பயனருக்கோ சில கோரிக்கைகள் மட்டும் திடீர் திடீரென்று இழுக்கும்.

அந்த கன்டெய்னரின் சிகுரூப்பில், அதாவது கர்னல் வரம்பு போடும் ப்ராசஸ் குழுவில், சிபியு.ஸ்டாட் கோப்பில் என்ஆர்_த்ராட்டில்ட் எண் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஏறினால் வரம்பைக் கூட்டுங்கள், இல்லையென்றால் நூல்களின் எண்ணிக்கையை வரம்புக்கு ஏற்றபடி குறையுங்கள். பல நிரல்கள் ஹோஸ்டின் கோர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எத்தனை நூல் என்று முடிவு செய்கின்றன, இரண்டாவது வழி பல நேரம் செலவில்லாமல் தீர்த்துவிடும். கன்டெய்னருக்குள் ஃப்ரீ கமாண்டு காட்டுவதும் பெரும்பாலும் ஹோஸ்டின் மெமரியைத்தான், வரம்பை அறிய மெமரி.மேக்ஸ், மெமரி.கரன்ட் கோப்புகளைப் படிக்கவும். 137 என்ற எக்சிட் கோடோடு கன்டெய்னர் செத்தால் அது 128ஓடு 9 சேர்ந்தது, சிக்னல் 9ஆல் கொல்லப்பட்டிருக்கிறது, மெமரி வரம்பைத் தாண்டியதா என்று மெமரி.ஈவென்ட்ஸ் கோப்பில் ஊம்_கில் எண்ணைப் பாருங்கள்.

எல்லா எண்களும் அமைதி, ஆனால் பயனர்கள் கத்துகிறார்கள்

ஆர் இல்லை, பி இல்லை, ப்ரஷர் கோப்புகள் பூஜ்யம். அப்படியென்றால் காத்திருப்பு இந்த இயந்திரத்துக்கு வெளியே, அல்லது அப்ளிகேஷனுக்கு உள்ளே.

எஸ்எஸ் -எல்என்டி அடித்து உங்கள் போர்ட்டின் வரியைப் பாருங்கள். கேட்கும் நிலையில் உள்ள சாக்கெட்டுக்கு ரிசீவ்-க்யூ என்பது வாசலில் நிற்கும் இணைப்புகள், சென்ட்-க்யூ என்பது அங்கே நிற்க அனுமதிக்கும் உச்ச எண்ணிக்கை. முதலாவது இரண்டாவதைத் தொட்டுக்கொண்டிருந்தால் அப்ளிகேஷன் இணைப்புகளை எடுக்கவே இல்லை, அதன் வொர்க்கர்கள் எல்லோரும் வேறு எதிலோ மாட்டியிருக்கிறார்கள். உச்சத்தை மட்டும் கூட்டினால் வரிசைதான் நீளும். அடுத்து சார் -என் ஈடிசிபி 1, அதில் ரீட்ரான்ஸ் எண் தொடர்ந்து வந்தால் பாக்கெட்டுகள் வழியில் தொலைகின்றன, நெட்வொர்க் பக்கம் பேச வேண்டும். இரண்டும் சுத்தம் என்றால் ப்ராசஸ் கர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸை ஒரு வொர்க்கர் மேல் சில நொடிகள் மட்டும் மாட்டிப் பாருங்கள், அது ப்ராசஸை நன்றாகவே மெதுவாக்கும் என்பதால் நெரிசல் நேரத்தில் அதிகம் வைத்திருக்காதீர்கள். ரீட் அல்லது ரிசீவில் நின்றால் எந்த எண் கொண்ட சாக்கெட் என்று பார்த்து, அது டேட்டாபேஸா வெளி ஏபிஐயா என்று பிடிக்கலாம். ஃப்யூடெக்ஸில் நின்றால் உள்ளுக்குள் பூட்டுச் சண்டை.

டிஸ்க் நிரம்பியதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், டிஎஃப் -எச் மட்டும் போதாது, டிஎஃப் -ஐ போட்டு ஐநோடுகளையும், அதாவது கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவுகளையும். கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால் யாரோ அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறார்கள், எல்எஸ்ஓஎஃப் +எல்1 பெயரைச் சொல்லிவிடும்.

நேற்று இரவு மெதுவாக இருந்தது, இப்போது சரியாகிவிட்டது

இதற்கு, எண்களை அவ்வப்போது பதிவு செய்து வைக்கும் சார் ஒன்றுதான் கதி, அதுவும் முன்பே ஓடிக்கொண்டிருந்தால்தான். டெபியன், உபுண்டுவில் தரவு /வார்/லாக்/சிஸ்ஸ்டாட் அடைவிலும், ரெட் ஹேட் வகையில் /வார்/லாக்/எஸ்ஏ அடைவிலும் நாளுக்கு ஒரு கோப்பாக இருக்கும். டெபியன் வகையில் நிறுவிய பிறகும் சேகரிப்பு அணைந்திருக்கலாம், /இடிசி/டிஃபால்ட்/சிஸ்ஸ்டாட் கோப்பில் ஈனேபிள்டு என்பது ட்ரூ என்று இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சாருக்கு -எஃப் போட்டு அந்த நாளின் கோப்பையும், -எஸ், -இ போட்டு நேரத்தையும் கொடுங்கள். முதலில் -க்யூ: அதில் வரும் ரன்க்யூ-எஸ்இசட் நம்முடைய ஆர் போல, ப்ளாக்ட் நம்முடைய பி போல. எது ஏறியிருக்கிறதோ அதை வைத்து மேலே உள்ள அறிகுறிகளில் ஒன்றுக்குப் போய், டிஸ்க்குக்கு -டி, ஸ்வாப்புக்கு பெரிய டபிள்யூ, நெட்வொர்க்குக்கு -என் டெவ் என்று தொடரலாம்.

ஒரே ஒரு சிக்கல், இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒரு முறைதான் அது பதிவு செய்யும். 40 நொடி திணறல் அந்தச் சராசரியில் கரைந்து காணாமல் போய்விடும். இடைவெளியை ஒரு நிமிடமாக மாற்றி வையுங்கள், அதனால் சர்வருக்கு ஆகும் சுமை பொருட்டே இல்லை, கோப்புகள் கொஞ்சம் பெருக்கும். புதிய பதிப்புகளில் சிஸ்டம்டி டைமர், பழையவற்றில் க்ரான் கோப்பு, எதில் மாற்ற வேண்டும் என்பதை முதலில் பார்த்துக்கொண்டு மாற்றுங்கள், மாற்றிய பின் சில நிமிடம் விட்டு சார் -க்யூ அடித்து வரிகள் நிமிடத்துக்கு ஒன்றாக வருகின்றனவா என்று சரிபார்த்துவிடுங்கள்.